அத்தானை அழைத்துவரப் போன அக்கா

என் அக்கா நாற்பத்தேழு வயதில் கார் ஓட்டக் கற்றுக்கொண்டாள். ஐந்தாவது முறை போனபோதுதான் லைசென்ஸ் கிடைத்தது. முதல் நான்கு முறையும் ஓட்டுவதில் குறை ஒன்றுமில்லை, மரியாதைதான் அளவு மீறிப் போய்விட்டது. நாற்சந்தியில் இந்தப் பக்கம் வருகிறவருக்கு வழிவிடுவாள், அந்தப் பக்கம் வருகிறவருக்கும் வழிவிடுவாள், பின்னால் ஹாரன் அடிக்கிறவருக்கோ கையெடுத்துக் கும்பிடாத குறையாக ஒதுங்கி நிற்பாள். மூன்றாவது முறை, பக்கத்தில் உட்கார்ந்திருந்த அதிகாரி பொறுக்கமாட்டாமல், "நீங்க எப்பதாம்மா போவீங்க?" என்று கேட்டிருக்கிறார். "எல்லாரும் போகட்டும் சார், நமக்கென்ன அவசரம்" என்றாளாம் இவள். அவர் தாளில் ஒரு கோட்டை இழுத்துவிட்டு இறங்கிப் போய்விட்டார்.

அக்காவுக்கு வேலை பேக்கரியில். கேக் பகுதி முழுக்க அவள் பொறுப்பு. விடிவதற்கு முன்னால் போய் முட்டையும் சர்க்கரையும் அடிக்க ஆரம்பித்தால், மத்தியானம் வீடு திரும்பும்போது புருவத்தில்கூட மாவு ஒட்டியிருக்கும். நான் பக்கத்துத் தெருவில் சலூன் வைத்திருக்கிறேன். எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. ஓட்டுகிறவர் பக்கத்தில் உட்கார்ந்து குறை சொல்ல நன்றாகத் தெரியும்.

அவளுடைய கணவர், என் அத்தான், சரக்குக் கப்பலில் இன்ஜின் அறையில் வேலை பார்க்கிறார். பத்து மாதம் கடல், இரண்டு மாதம் வீடு. அந்த இரண்டு மாதத்துக்காகத்தான் வீட்டு வாசலில் ஒரு கார். மீதிப் பத்து மாதமும் அது உறை போட்டுக்கொண்டு தூங்கும். சில வருடங்களுக்கு முன்னால் அக்கா, "நானும் ஓட்டக் கத்துக்கட்டுமா?" என்று கேட்டாள். "உனக்கெதுக்கு அந்தத் தொல்ல? நான் வந்தா ஓட்டப் போறேன்" என்று அத்தான் சிரித்தார். நல்ல மனிதர், கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அக்காவும் சிரித்து வைத்தாள். ஆனால் என் அக்கா எதற்குச் சிரிக்கிறாள், எதற்குச் சிரித்து வைக்கிறாள் என்று எனக்குத் தெரியும்.

போன தடவை அவர் கப்பலேறிய மறுவாரமே அவள் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் பெயர் கொடுத்துவிட்டாள். அத்தானுக்கு யாரும் மூச்சு விடக்கூடாது என்று கட்டளை. எங்கள் தெருவில் ஒரு ரகசியம் பத்து மாதம் தாங்கியது அதுதான் முதல் தடவை.

அவள் ஆசை இவ்வளவுதான். சனிக்கிழமை மூன்று மணிக்குக் கப்பல்காரர்களைத் துறைமுகத்திலிருந்து வெளியே விடுவார்கள். எப்போதும் அத்தான் இரண்டு பைகளைத் தோளில் மாட்டிக்கொண்டு, இரண்டு பஸ் மாறி, ராத்திரி வந்து கதவைத் தட்டுவார். இந்தத் தடவை அவர் கேட்டைத் தாண்டும்போது எதிரே அவருடைய கார் நிற்க வேண்டும். பக்கத்தில், கையில் சாவியோடு, அக்கா நிற்க வேண்டும். நாலரை மணி நேரப் பயணம். அவள் வாழ்நாளில் ஓட்டியதிலேயே தூரமானது எங்கள் ஊர் பெட்ரோல் பங்க்.

சனிக்கிழமை காலை ஆறரைக்கு வண்டியை எடுத்துக்கொண்டு பங்க் போனாள். பெட்ரோல் போட்டு, டயருக்குக் காற்றடித்துத் திரும்பினாள். நான் சட்டையில் சென்ட் அடித்துக்கொண்டு வாசலில் நின்றேன். புதுத் துணியில் அவளும் பளிச்சென்று இருந்தாள். இன்ஜினை ஓடவிட்டபடியே என்னை ஏறச் சொல்லிக் கையசைத்தவள், அப்படியே கையை இறக்கினாள். அடுத்த நொடி இன்ஜின் நின்றுவிட்டது. அவள்தான் நிறுத்தினாள்.

"என்னக்கா, என்ன ஏறச் சொல்லிட்டு வண்டிய நிறுத்திட்ட?"

"செவப்பு லைட்டுடா" என்றாள். "ஆயில் பிரஷர் லைட்டு. மினுக் மினுக்குன்னு வந்துச்சு. உள்ள டிக் டிக்குன்னு ஒரு சத்தம் வேற."

எண்ணெய்க் கிண்ணி போல ஒரு படம், அதன் மூக்கில் ஒரு சொட்டு. அந்த விளக்கு எரிந்தால், இன்ஜினுக்குள் தேய்கிற இடங்களுக்கு ஆயில் போய்ச் சேரவில்லை என்று அர்த்தம். பயிற்சிப் புத்தகத்தில் அதை அக்கா நெட்டுருப் போட்டிருந்தாள். மஞ்சள் விளக்கோடு வீடு வரை போகலாம், சிவப்போடு அடுத்த வீடு வரைகூடப் போகக் கூடாது. எனக்கு இவ்வளவு தத்துவம் தெரியாது. எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன்.

"ஆயில் கம்மியா இருக்கும்க்கா. ஊத்துனா சரியாப் போயிடும். இரு, வாங்கிட்டு வரேன்."

"அத்தான்கிட்ட ஒரு வார்த்தை கேட்டா?" என்று நானே அடுத்ததையும் சொன்னேன்.

"அவர்கிட்ட கேட்டா ரெண்டே கேள்வியில என் வாயப் புடுங்கிடுவார். பத்து மாசம் கட்டிக் காத்தது பத்து நிமிஷத்துல போயிடும்."

"அப்ப டாக்ஸி?"

அவள் பார்த்த பார்வையில் நான் ஆயில் வாங்க ஓடினேன்.

திரும்பி வந்தபோது பானெட் திறந்திருந்தது. அக்கா அளவுக் குச்சியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள். இன்ஜினுக்குள் ஆயில் எவ்வளவு என்று பார்க்க ஒரு நீளக் குச்சி இருக்கும், அதில் மேலே ஒரு கோடு, கீழே ஒரு கோடு. இரண்டுக்கும் நடுவில் ஈரம் நிற்க வேண்டும். நான் கேன் மூடியைத் திருகித் திறந்து, ஊற்றுகிற வாயில் சாய்க்கப் போனேன்.

"கொஞ்சம் இரு" என்றாள்.

"மணி ஏழரை ஆகுதுக்கா."

"இருடா. இதப் பாரு."

பார்த்தேன். குச்சி முழுக்க ஈரம். மேல்கோட்டையும் தாண்டி, கைப்பிடி வரைக்கும் பளபளத்தது. அது மட்டுமில்லை, அந்த ஈரத்தில் பொடிப்பொடியாகக் குமிழிகள். காப்பி நிறத்தில் நுரை.

"நேத்து சாயங்காலம் நான் பாத்தப்ப கோட்டுக்குள்ள ஈரமே தெரியல. அதனாலதான்..." என்று ஆரம்பித்தவள் நிறுத்தினாள். குச்சியைத் துணியால் துடைத்துவிட்டு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "புது ஆயில் தண்ணி மாதிரி இருக்கும்டா. மேல வரைக்கும் முங்கியிருந்தா கோடு எது ஈரம் எதுன்னே தெரியாது. நான் அத காஞ்சு கெடக்குதுன்னு நெனச்சுட்டேன்."

பிறகு அவள் பேக்கரிக்காரியாக மாறிவிட்டாள். கலவைச் சட்டியில் அளவுக்கு மேல் ஊற்றி அடித்தால் எல்லாம் காற்றாகப் பொங்கும், பார்க்க நிறைய இருக்கும், குழாயில் விட்டால் பீய்ச்சாது, புஸ் புஸ் என்று காற்றுதான் வரும் என்றாள். உள்ளே சுற்றுகிற தண்டு ஆயிலில் முங்கி, அதை நுரைக்க நுரைக்க அடித்திருக்கிறது. நுரையைத் தள்ளினால் அழுத்தம் எங்கிருந்து வரும்? ஆயில் குறைந்ததால் வந்த விளக்கு இல்லை இது, கூடிப்போனதால் வந்த விளக்கு.

"ஆனா நான் ஊத்துனது ஒரே லிட்டர்தான்" என்றவள் மெதுவாக என் பக்கம் திரும்பினாள். "டேய். நேத்து இந்த பானெட்டத் தொட்டியா?"

"இல்லக்கா" என்றேன். சின்ன வயதிலிருந்து அவள் அந்தக் குரலில் கேட்டால் முதலில் வருகிற பதில் அது. அவள் குச்சியை என் முகத்துக்கு நேரே நீட்டினாள். நான் திருதிருவென்று விழித்தேன். "தொட்டேன்."

"என்ன பண்ண?"

"ஒரு லிட்டர் ஊத்துனேன். நீ பேக்கரிக்குப் போயிருந்தப்ப. ரெண்டாவது கேன்ல பாதி இருந்துச்சு, வீணாப் போகக்கூடாதேன்னு..."

"எவ்வளவு?"

"மொத்தம் ஒன்றரை. அதுவும் பத்தலையோன்னுதான் இப்ப வாங்க ஓடுனேன்."

"உனக்கு யாருடா சொன்னது?"

"அத்தான்தான். வியாழக்கிழமை போன் பண்ணார். ஞாயித்துக்கிழமை வண்டிய எடுக்கணும், பத்து மாசமா நிக்குது, ஒரு லிட்டர் ஊத்தி வைடான்னார். அக்காகிட்ட சொல்லாத, அவளுக்கு இருக்கிற வேலையில மறந்துடுவா, நீ ஒருத்தன்தான் எனக்கு நம்பிக்கைன்னார்." எனக்கு அன்று அதில் எவ்வளவு பெருமை தெரியுமா? சலூனில் வந்த நாலு பேரிடம் சொன்னேன்.

அக்காவின் முகம் போன போக்கே புரியவில்லை. "எனக்கும் வியாழக்கிழமதான் பேசினார்" என்றாள். "உன் தம்பிகிட்ட சொல்லிடாத, அவனுக்கு வாய் மட்டும்தான், காரியம் ஆகாது. நீயே ஒரு லிட்டர் ஊத்திடு, உன்ன மட்டும்தான் நம்பியிருக்கேன்னார்."

வாய் மட்டும்தானாம். வரட்டும், அடுத்த தடவை முடி வெட்ட என்னிடம்தானே தலையைக் கொடுக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

அதற்குள் மாடியிலிருந்து எட்டிப் பார்த்தது ஒரு தலை. மாடி வீட்டு டீச்சர். முப்பது வருடம் கணக்குப் பாடம் எடுத்து ஓய்வு பெற்றவர். எங்கள் தெருவில் அவருக்குப் பயப்படாத ஆள் இல்லை.

"என்னம்மா, இன்னும் கிளம்பலயா?"

"ஆயில் பிரச்சினை டீச்சர்" என்றேன்.

"ஆயிலா? அதான் நான் வியாழக்கிழமையே ஊத்திட்டேனே" என்றார் டீச்சர். "ஒரு லிட்டர். புனல் வச்சு, ஒரு சொட்டு சிந்தாம."

அக்கா அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். டீச்சர் இறங்கி வந்தார். கையில் கார் சாவி. அத்தான் கொடுத்து வைத்ததாம். என் பையில் ஒரு சாவி, அதுவும் அத்தான் கொடுத்து வைத்தது. அக்கா கையில் ஒன்று. வாங்கும்போது அந்தக் காருக்கு இருந்தது இரண்டே சாவி. ஒருத்தருக்குத் தெரியாமல் ஒருத்தரை நம்புவதற்காக மனிதர் காசு கொடுத்து மூன்றாவது சாவி வெட்டியிருக்கிறார்.

"உங்ககிட்ட என்ன சொன்னார் டீச்சர்?" என்று அக்கா கேட்டாள்.

டீச்சர் தொண்டையைச் செருமினார். பொய் சொல்லி அவருக்குப் பழக்கமில்லை. "அக்காவும் தம்பியும் நல்லவங்கதான் டீச்சரம்மா, ஆனா ரெண்டு பேரும் மறதி. பொறுப்பானவங்கன்னா நீங்கதான்னு சொன்னார்."

அக்காவின் கண் கலங்கியதை நான் பார்த்தேன். "கப்பல்ல இப்படித்தான்டா" என்றாள் மெதுவாக. "ஒரு வேலைய ஒருத்தன்கிட்ட கொடுத்துட்டு, இன்னொருத்தனையும் அனுப்புவாங்களாம். ஆனா அங்க செஞ்சவன் நோட்டுல எழுதி வைப்பான். இங்க ஏது நோட்டு? கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷமாச்சு. ஒரு ஆள முழுசா நம்பி ஒரு வேலைய விட இந்த மனுஷனுக்கு இன்னும் வரல பாரு."

டீச்சர் வேறு கவலையில் இருந்தார். விரலில் எண்ணிக்கொண்டிருந்தார். "நாலு லிட்டர் இருக்கணும். அதோட ஒண்ணு, ஒண்ணு, ஒன்றரை. ஆக, ஏழரை."

"சனிக்கிழமையும் அதுவுமா ஏழரையா டீச்சர்" என்றேன்.

முதலில் சிரித்தது அக்காதான். வந்த அழுகையே சிரிப்பாகத் திரும்பி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். டீச்சர் சிரித்து நான் பார்த்ததே அன்றுதான். சுவரில் சாய்ந்துகொண்டு, மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். நான் திறந்த கேனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அதையும் ஊற்றியிருந்தால் எட்டரை ஆகியிருக்கும்.

சிரிப்பு அடங்கியதும் அக்கா எழுந்தாள். "மூணு மணிக்கு நான் அங்க நிக்கணும். பொறுமை அண்ணனக் கூட்டிட்டு வா."

பொறுமை அண்ணன் என்பவர் எங்கள் பேட்டை மெக்கானிக். எதைக் கேட்டாலும் 'பொறுமை, பொறுமை' என்பார், அதனால் அந்தப் பெயர். அன்றைக்குப் பார்த்து மனிதர் மச்சினன் கல்யாணத்துக்குக் கிளம்பி, வெள்ளைச் சட்டையில் மின்னிக்கொண்டிருந்தார். கையோடு அழைத்து வந்தேன். குச்சியைப் பார்த்தார், நுரையைப் பார்த்தார், எங்கள் மூன்று பேரையும் பார்த்தார்.

"தங்கச்சி, லைட்டு வந்ததும் எவ்வளவு தூரம் ஓட்டுன?"

"ஓட்டலண்ணே. அப்பவே நிறுத்திட்டேன்."

"பத்து வருஷம் ஓட்டுறவன்கூட வீட்டுக்குப் போயிடலாம்னு ஓட்டுவான், இன்ஜினே போயிடும். நீ காப்பாத்திட்ட" என்றார். அக்கா நேராக நின்றாள். லைசென்ஸ் கையில் வந்த அன்றுகூட அவள் முகம் அப்படி மலரவில்லை. "முழுசா இறக்கிட்டு, நாலே லிட்டர் அளந்து திருப்பி ஊத்தணும். கீழ பாத்திரம் சுத்தமா இருந்தா அதே ஆயில் போதும். ஆனா தங்கச்சி, இந்தச் சட்டையோட நான் கீழ படுக்க மாட்டேன். என் பொண்டாட்டி என்னக் கல்யாணத்துக்குள்ளயே விடமாட்டா."

"நீங்க சொல்லுங்க. நான் படுக்கிறேன்" என்றாள் அக்கா.

என் சலூனில் முடி வெட்டும்போது போர்த்துகிற துணி இரண்டைக் கொண்டு வந்தேன். ஒன்றைப் புதுத் துணிக்கு மேலே சுற்றிக்கொண்டாள், ஒன்றைத் தலையில் கட்டிக்கொண்டாள். ஜாக்கியில் தூக்கி, கட்டைகள் கொடுத்து, பொறுமை அண்ணன் இரண்டு தடவை ஆட்டிப் பார்த்தபிறகுதான் அவளை உள்ளே விட்டார். பேக்கரியிலிருந்து பெரிய கேக் தட்டுகளும் அளவு ஜாடியும் வந்திருந்தன. பொறுமை அண்ணன் முட்டிக்கு மேலே பேன்டைத் தூக்கிப் பிடித்துக் குத்துக்காலிட்டு, "நட்டைப் பாத்தியா? இடப்பக்கம் திருப்பு. பொறுமை. கடைசிச் சுத்து வரும்போது கைய எடுத்துடு" என்றார். அவள் கையை எடுப்பதற்குள் ஆயில் வந்துவிட்டது. முழங்கை வரை வழிந்தது. உள்ளிருந்து ஒரே சிரிப்புச் சத்தம்.

நுரை அடங்கும்வரை அரை மணி நேரம் காத்திருந்தோம். நான் நிமிடத்துக்கு ஒரு தடவை மணி பார்த்தேன். அக்கா கடிகாரத்தையே பார்க்கவில்லை. பிறகு நட்டைப் போட்டு இறுக்கி, வண்டியை இறக்கி, அளக்க ஆரம்பித்தோம். அளந்தது டீச்சர். ஒவ்வொரு ஜாடிக்கும் குனிந்து, கண்ணைக் கோட்டுக்கு நேராக வைத்து, "இன்னும் ஒரு சொட்டு... போதும்" என்றார். நான்காவது ஜாடிக்குப்பின் மிச்சத்தையும் அளந்தார். மூன்றரை. விடை சரியாக வந்ததில் அவருக்கு இருந்த சந்தோஷத்தைப் பார்த்தபோது, அவரிடம் படிக்காமல் போனோமே என்றிருந்தது.

இன்ஜினைப் போட்டாள். சிவப்பு விளக்கு ஒரு நொடி எரிந்து, அணைந்தது. டிக் டிக் இல்லை. தெருவை மூன்று சுற்றுச் சுற்றி வரச் சொன்னார் பொறுமை அண்ணன். மறுபடி குச்சியை எடுத்துப் பார்த்தார். இரண்டு கோட்டுக்கும் நடுவில் ஈரம் நின்றது. "போயிட்டு வா. வழியில லைட்டு வந்தா அதோட வாதாடாத, ஓரம் கட்டு" என்று சொல்லிவிட்டு, சட்டையை முன்னும் பின்னும் என்னிடம் காட்டிக் கறை இல்லை என்று உறுதி செய்துகொண்டு கல்யாணத்துக்கு ஓடினார்.

மணி பத்து. டீச்சர் கைப்பையோடு வந்து பின் இருக்கையில் ஏறி உட்கார்ந்தார். "தப்புல எனக்கும் ஒரு லிட்டர் பங்கு இருக்கு. நானும் வரேன்."

அன்று அக்கா ஓட்டியதைப் பற்றிக் குறை சொல்ல நான் ஒற்றைக் காலில் நின்றேன், ஒன்றும் அகப்படவில்லை. லாரிகளுக்கு வழிவிட்டாள், ஆனால் எல்லா லாரிக்கும் இல்லை. ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவை ஓரம் கட்டி, ஆறவிட்டு, குச்சியை எடுத்துப் பார்த்தாள். அதில் நேரம் போனது. மூன்று மணி ஆனபோது நாங்கள் இன்னும் நெடுஞ்சாலையில் இருந்தோம். அவள் வேகத்தைக் கூட்டவில்லை. ஸ்டீயரிங்கைப் பிடித்திருந்த விரல்கள் மட்டும் வெளுத்திருந்தன.

துறைமுகத்தில் போய் நின்றபோது மூன்றே முக்கால். கேட்டுக்கு வெளியே பாதிப் பேர் கலைந்திருந்தார்கள். நான் பஸ் நிறுத்தத்துக்கு ஓடிப் பார்த்தேன், இல்லை. அக்கா காரின் பக்கத்தில் சாவியோடு நின்றாள். "போயிட்டார்டா" என்றாள்.

போகவில்லை. ஆள் எல்லாம் வெளியேறியபின் கடைசி ஆளாக வந்தார். எதையாவது இரண்டாம் தடவை சரிபார்த்துக்கொண்டிருந்திருப்பார். முதலில் காரைப் பார்த்தார், நின்றார், நம்பர் பிளேட்டைப் படித்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"நீயாடா ஓட்டிட்டு வந்த?"

"எனக்கு வாய் மட்டும்தான் அத்தான்" என்றேன்.

அவர் டீச்சரைப் பார்த்தார். டீச்சர் இல்லையென்று தலையை ஆட்டினார். அப்புறம்தான் அவர் அக்கா பக்கம் திரும்பினார். அவள் கையில் இருந்த சாவியை, காதுக்குப் பின்னால் இன்னும் காயாமல் இருந்த ஆயில் தீற்றலை, ஒவ்வொன்றாகப் பார்த்தார். பைகளைக் கீழே வைத்தார். பழக்கத்தில் சாவிக்காகக் கையை நீட்டினார்.

"அந்தப் பக்கம் ஏறுங்க" என்றாள் அக்கா.

ஏறினார். முதல் பத்து நிமிடம் முன்னால் சாய்ந்து ஒவ்வொரு மீட்டர் முள்ளையும் பார்த்தார். இல்லாத பிரேக்கைக் காலால் மிதித்தார். "இன்ஜின் சத்தம் நல்லா இருக்கே. ஆயில் யார் பாத்தா?" என்று கேட்டார். பின்னால் நானும் டீச்சரும் வெடித்துச் சிரித்தோம். கதை முழுவதையும் டீச்சர்தான் சொன்னார், லிட்டர் கணக்கோடு. அத்தான் ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்து அசடு வழிந்தார். கடைசியில் அவருக்கும் சிரிப்பு தாங்கவில்லை. சிவப்பு விளக்கு வந்ததும் அவள் உடனே நிறுத்திய இடத்தை மட்டும் திரும்ப ஒரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டார். "அப்பவேவா?" என்றார். "அப்பவே" என்றார் டீச்சர்.

அதற்குப்பின் அவர் சத்தம் கேட்கவில்லை. எட்டிப் பார்த்தேன். கண்ணாடியில் தலையைச் சாய்த்து, வாயைத் திறந்தபடி, குழந்தை மாதிரித் தூங்கிக்கொண்டிருந்தார். பஸ்ஸிலும் ரயிலிலும்கூட விழித்துக்கொண்டு டிரைவருக்குக் காவல் இருக்கிற மனிதர்.

"எழுப்பட்டுமா?" என்று கிசுகிசுத்தேன். "வழி தெரியணும்ல."

அக்கா அழுதுகொண்டிருந்தாள், சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல். "வேணாம், தூங்கட்டும்" என்றாள். "நான் முழிச்சிட்டிருக்கேன்ல."